போ என்று சொன்ன தந்தி

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மா நலமா, நைனா நலமா, செஞ்சியில் மழை உண்டா, மல்லாட்டை (உன் பட்டணத்து வேர்க்கடலை) என்ன விலை போகிறது என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது நம் வீட்டுப் பழக்கம். நீ நேராக ஐரோப்பாவில் ஆரம்பித்துவிட்டாய். முதல் பக்கத்தில் ஜெர்மனி, இரண்டாம் பக்கத்தில் ஜப்பான். மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் உன் தங்கை கஸ்தூரி வருகிறாள். அதுவும் ராணுவத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலியைப் பறிகொடுக்கப் போகிறவளாக வருகிறாள். “உலக யுத்தத்தின் வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த நூற்றாண்டில் சமாதானம் என்பது இரண்டு சண்டைகளுக்கு நடுவே விடும் மூச்சு. இந்தச் சம்பந்தத்தை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்” என்று முடித்திருந்தாய். வாக்கியம் அழகாகத்தான் இருந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் உடனே வரவில்லை. சிரிப்புதான் வந்தது. இதே குரலை இந்த வீட்டு மச்சில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

கடிதத்தோடு உன் ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயத்தையும் டைப் அடித்து அனுப்பியிருந்தாய். சிங்கப்பூர் ஏன் விழுந்தது என்று. அதையும் விடவில்லை, முழுக்கப் படித்தேன். அம்மா திண்டிவனம் மிஷன் பள்ளியில் எட்டாவதோடு நின்றவள் என்பது உனக்கு நினைவிருக்கும். எட்டாவதிலும் அகராதியைப் புரட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். பீரங்கிகள் கடலைப் பார்த்து இருந்தன, எதிரி காட்டு வழியாக வந்தான், விமானம் போதவில்லை, தண்ணீர் தீர்ந்துபோனது, தளபதிகளுக்குள் ஒற்றுமை இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பேராசிரியர் ஓரத்தில் ‘அருமை’ என்று எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. விழுந்த பிறகு காரணம் சொல்வதற்குச் சென்னைப் பட்டணம் வரை போய் ஹாஸ்டலில் புளிக்காத மோரும் வேகாத சோறும் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. நம் மச்சிலேயே அதற்கு ஆட்கள் இருந்தார்கள். சிங்கப்பூர் விழுந்த மறுநாள் சாயங்காலமே எல்லாக் காரணத்தையும் சொல்லிவிட்டார்கள், காப்பி ஆறுவதற்குள்.

அந்த மச்சைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம், உன் நைனா உயிரோடு இருக்கிறார் என்பதுதான். நேற்று உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, “நம்ம புள்ளயும் மேப்பு வாங்கிட்டாம்மே” என்றார். “இன்னா எழுதட்டும்?” என்று கேட்டேன். “எல்லாத்தையும் எழுது. நான் சொன்னேன்னே எழுது. இன்னும் எத்தன நாளிக்கு மறைக்கிறது?” என்றார். அதனால் எழுதுகிறேன். இதை உன் பேராசிரியர் படித்தாலும் சரி, உன் ஹாஸ்டலே கூடி நின்று படித்தாலும் சரி, எனக்கு வெட்கமில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நம் ஊரில் அதைப் படிப்பதற்கு ஒரு சபை இருந்தது. யுத்த சபை என்று நான் வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சரித்திர வாசகர் குழு என்று சொல்லிக்கொண்டார்கள். தாலுகா ஆபீஸில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர், அப்புறம் உன் நைனா. இடம் நம் மச்சு, காப்பி நம்முடையது. டிராயிங் மாஸ்டர் ஓர் உலகப் படம் வரைந்து, பின்னால் துணி ஒட்டி, சுவர் நீளத்துக்கு மாட்டினார். குண்டூசியில் வர்ணக் காகிதம் சுற்றிக் கொடிகள் செய்தார். தரையில் இன்னொரு படத்தை விரித்து அதன்மேல் மல்லாட்டையைப் பரப்புவார்கள். ஒரு கொட்டை ஒரு பட்டாளம். சிரஸ்தார் ஒரு விரலால் பட்டாளங்களை ரஷ்யாவுக்குள் தள்ளுவார். பேச்சு முடிந்ததும் மூன்று பேரும் பட்டாளங்களை உடைத்துத் தின்றுவிட்டு இறங்கிப் போவார்கள். அந்தத் தோலைப் பெருக்கினவள் என்ற முறையில் சொல்கிறேன், உலக யுத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சிரஸ்தார் நன்றாகப் பேசுவார். அதை மறுக்கக்கூடாது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், அவர் வாயோடு பெர்லின் வரைக்கும் போய்வருவார். பழைய யுத்தங்களைப் படித்தவனுக்கு இந்த யுத்தத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும் என்பது அவர் சித்தாந்தம். அதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் எது தெரியுமா? செஞ்சிக் கோட்டை. எந்த ஊர்ப் போரைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ராஜகிரி மலைமேல் ஏறி நின்றுகொள்வார். “மொகலாயன் இன்னா கொஞ்சமாவா வந்தான்? எட்டு வருஷம் கீழ குந்திகினு இருந்தான். ஏற முடிஞ்சுதா? கோட்டைன்னா அதான்யா. கட்டறவன் கட்டினா காலம்கூட உள்ள வராது” என்பார். மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். நம் ஊரில் பிறந்தவனுக்கு அந்தத் தலையாட்டல் தாய்ப்பாலோடு வருவது. வேறு எந்த ஊர்க்காரனும் கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் இப்படி மயங்கமாட்டான். அவன் ஊரில் கோட்டை இருக்காது, சண்டை வந்தால் ஓட வேண்டும் என்ற புத்தி இருக்கும். நமக்கு மூன்று மலை நிறையக் கோட்டை. விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் சீத்தாப்பழம் பறிக்கவும் தவிர நூறு வருஷமாக அது எவனுக்கும் உதவவில்லை. ஆனாலும் அதைப் பார்த்துப் பார்த்து, சுவர் தடித்திருந்தால் உள்ளே இருப்பவன் பிழைத்துக்கொள்வான் என்று நம்பப் பழகிவிட்டோம்.

ஒருநாள் காப்பி வைக்கப் போனபோது நான் கேட்டேன், “எட்டு வருஷம் உள்ள இருந்தவங்க இன்னாங்க சாப்ட்டாங்க?” சிரஸ்தார் என்னைப் பார்க்கவில்லை, உன் நைனாவைப் பார்த்துச் சிரித்தார். “பொம்பளைங்களுக்குச் சரித்திரம்னா சமையல்கட்டுதான்” என்றார். இன்னொன்றும் கேட்டிருக்கலாம். அந்தக் கோட்டை விழுவதற்கு முன்னால் ராஜா தப்பிப் போய்விட்டார் என்று என் பள்ளிப் புத்தகத்திலேயே இருந்தது. கோட்டையை நம்பாதவர் ஒருவரே ஒருவர், அவர்தான் பிழைத்தார். சிரஸ்தார் எட்டு வருஷத்தைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் தாண்டிக்கொண்டு போவார். நீயும் உன் அத்தியாயத்தில் எதையெதைத் தாண்டியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எதையாவது தாண்டியிருப்பாய்.

என் தம்பி வரதன் அப்போது பினாங்கில் இருந்தான். உன் தாய்மாமன். உனக்கு அவனைப் படத்தில்தான் தெரியும், கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்து நிற்பானே அவன். ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. உனக்குக் காது குத்த வேண்டும், மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், வந்து சேர் என்று நான் எழுதிக்கொண்டே இருந்தேன். வருகிறேன் வருகிறேன் என்று அவனும் எழுதிக்கொண்டே இருந்தான். கார்த்திகைக்கு முந்தி அவனிடமிருந்து தந்தி வந்தது. ஜப்பான்காரன் வருவான் என்று அங்கே பேச்சு, முதலாளி கடையை மூடுகிறார், நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறது, இல்லையென்றால் சிங்கப்பூரில் இருக்கும் கிளைக்குப் போகலாம். இவ்வளவையும் நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளில் சுருக்கி, கடைசியில் வரட்டுமா என்று கேட்டிருந்தான். டிராயிங் மாஸ்டர் படித்துச் சொன்னார். நான் அந்த நிமிஷமே, “வரச்சொல்லுங்க” என்றேன். உன்னை இடுப்பில் வைத்திருந்தேன். உன் காதைக்கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு தம்பி அக்கா வீட்டைப் பார்த்து வரட்டுமா என்று கேட்கிறான். இதில் ஆராய என்ன இருக்கிறது? ஆனால் தந்தி மச்சுக்குப் போய்விட்டது. அன்று சபை சீக்கிரமே கூடியது. சொந்தமாக ஒரு கேள்வி அவர்களுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. இட்லரும் சரி, ஜப்பான் சக்கரவர்த்தியும் சரி, இவர்களைக் கேட்டு எதையும் செய்ததில்லை. என் தம்பி கேட்டுவிட்டான். சிரஸ்தாரின் முகத்தில் அன்று இருந்த களையை நான் அவர் வீட்டுக் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. மல்லாட்டையைப் பரப்பினார். கடலில் நீர்மூழ்கிகள் இருக்கும், கப்பல் ஏறுவது ஆபத்து என்றார். பினாங்கு சின்னத் தீவு, அது தாங்காது என்றார். அப்புறம் சிங்கப்பூர்மேல் ஒரு கொட்டையை வைத்து, அதைச் சுற்றி விரலால் கோடு கிழித்தார். “இது கோட்டைய்யா. வெள்ளக்காரன் கடலுக்குள்ள கட்டின செஞ்சி. நம்முது எட்டு வருஷம் தாங்கிச்சி, இது எட்டு மாசமாவது தாங்காதா? அதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும். பையன சிங்கப்பூர் போவச்சொல்லு” என்றார்.

உன் நைனா என்னைப் பார்த்தார். நான் மச்சுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நீர்மூழ்கியும் தெரியாது, பீரங்கியும் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “போன்னு எழுதாதீங்க. வீட்டுப் புள்ளகிட்ட யாராவது போன்னு சொல்வாங்களா? கடைக்குப் போறவனக்கூடப் போய்ட்டு வான்னுதானே சொல்றோம்?” என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். டிராயிங் மாஸ்டர் நல்ல மனிதர், அவர்கூடச் சிரித்தார். “தந்தியில வார்த்தைக்குக் காசும்மா, போய்ட்டு வான்னு எழுதினா நீட்டிக்கினு போவும்” என்றார். சிரஸ்தார், “உலகமே பத்திக்கினு எரியுது, இந்தம்மா சகுனம் பாக்குது” என்றார். உன் நைனா என் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். படித்தவர்கள் இருவர் சிரிக்கும்போது பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தலையசைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சிங்கப்பூருக்குப் போ, அது கோட்டை, பத்திரம் என்று இங்கிலீஷில் எழுதினார்கள். உன் நைனாவே செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மீதியை நீ டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். கார்த்திகைக் கடைசியில் ஜப்பான் இறங்கியது, மாசியில் சிங்கப்பூர் போய்விட்டது. எட்டு மாசமும் இல்லை, மூன்று மாசமும் இல்லை. செய்தி வந்த மறுநாள் சிரஸ்தார் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இது தோல்வி அல்ல, தந்திரமான பின்வாங்கல் என்றார். பிறகு பீரங்கி கடலைப் பார்த்து இருந்ததைச் சொன்னார், காட்டு வழியைச் சொன்னார், தண்ணீரைச் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என் தம்பி பெயரைச் சொல்லவில்லை. டிராயிங் மாஸ்டர் கொடியைப் பிடுங்கி வேறு கொடி குத்தினார். அன்று அவர் மட்டும் காப்பியைத் தொடாமல் இறங்கிப் போனார், அந்த அளவுக்கு அவருக்கு மனசாட்சி இருந்தது. சித்திரையில் சென்னைப் பட்டணம் காலியாகிறது என்று பேச்சு வந்ததும், ஜப்பான்காரன் மரக்காணத்தில் இறங்கி நேராகச் செஞ்சிக்குத்தான் வருவான், தெற்கே பிடிக்க வந்த ஒவ்வொருவனும் செஞ்சியைத்தானே முதலில் பிடித்தான் என்று சிரஸ்தார் ஊரைக் கூட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கோட்டை நிழலிலேயே கட்டியிருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு மேல்சித்தாமூருக்கு வண்டி ஏறிவிட்டார். தன் பிள்ளை குட்டிகளுக்கு ஆபத்து என்று வந்தபோது அவருக்குக் கோட்டை வேண்டியிருக்கவில்லை. நான் வாசலில் நின்று அந்த வண்டியைப் பார்த்தேன். அவரைப் பார்த்துப் போய்ட்டு வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரதனைப் பற்றிச் சண்டை முடிந்த பிறகுதான் தெரிந்தது. அனந்தபுரத்துக்காரர் ஒருவர் மலேயாவிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனான் என்று நீயும் படித்திருப்பாய். அதில் இவரும் இருந்தார், வரதனும் இருந்தான். வாந்திபேதி வந்து முகாமிலேயே போய்விட்டான். சாப்பாடு போட்டேன், அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நல்ல மனுஷம்மா. எனக்குத் தண்ணி மொண்டு குடுப்பாரு. ஏம்பா ஊருக்குப் போயிருக்கலாமில்லன்னு ஒருநாளு கேட்டேன். கேட்டேண்ணே, வேணாம்னுட்டாங்கன்னாரு. கோவமா சொல்லலம்மா, சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. எங்க ஊருல கோட்டை இருக்குதுண்ணே, கோட்டைன்னு இன்னா சொன்னாலும் நம்பிடுவாங்கன்னாரு.” உன் நைனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அனந்தபுரத்துக்காரர் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டே பஸ் வரும்வரை விடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை உன் நைனா வாயில் போ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. மண்டியில் மேய வரும் மாட்டைக்கூட ஹை ஹை என்றுதான் விரட்டுகிறார். இதைப் பார்த்து நீ சின்ன வயதில் சிரித்திருக்கிறாய். உன்னோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன், வேறென்ன செய்ய.

சபை கலைந்தது. சுவரில் இருந்த படத்தை நான் கழற்றினேன். பின்னால் துணி ஒட்டியிருந்ததால் கிழிக்க மனம் வரவில்லை, மொட்டைமாடியில் விரித்து வடகம் காயப்போட்டேன். பசிபிக் கடல் பக்கம் வடகம் நன்றாகக் காயும். அந்தப் படத்தின்மேல் காக்கை விரட்ட உட்கார்ந்துதான் நீ நாடுகளின் பெயர்களைக் கற்றாய், அதில்தான் உனக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்தது. உன் படிப்பின் மூலத்தைத் தேடி எங்கெங்கோ போகாதே, என் வடகத் துணிதான் அது. யுத்தத்தின் விளைவுகள் என்று அடுத்த அத்தியாயம் எழுதப்போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கும் லைப்ரரிக்குப் போக வேண்டாம். எழுந்து போய்க் கண்ணாடியில் உன் காதைப் பார். உன் கூட்டாளிகள் அத்தனை பேர் காதிலும் சின்னதாகத் துளைத் தழும்பு இருக்கும், உன் காதில் இருக்காது. சண்டை முடியட்டும், மாமன் வரட்டும் என்று தள்ளிவைத்தேன். பிறகு வேறொருவர் மடியில் உன்னை உட்காரவைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உன் தங்கை கல்யாணத்துக்கு வருவோம். மாப்பிள்ளை மாணிக்கத்தை நீ பார்த்ததில்லை, ஆனால் அவனைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அவலூர்ப்பேட்டைப் பையன், பட்டாளத்தில் வயர்லெஸ் பழுது பார்க்கிறான். போன வருஷத்துச் சண்டையில் எல்லைக்குப் போய்வந்தவன். பெண் பார்க்க வந்தபோது அவர்கள் வீட்டார் நகை பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் நேராக அவனைக் கேட்டேன். “தம்பி, மறுபடி சண்டை வந்தா இன்னா பண்ணுவ?” அவன் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அவன் சுருங்கவில்லை. “கூப்ட்டா போவணும் அத்தே. வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. எங்க ஆபீசருக்கே தெரியாது. லீவு கெடச்சா மொத பஸ்ல வந்துடுவேன்” என்றான். தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒருவனை நம் வீட்டுக் கூடத்தில் அன்றுதான் பார்த்தேன். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. பட்டாளத்துக்குப் போனவனுக்குத் தெரியாதது, பட்டாளத்தைப் பற்றிப் படித்தவனுக்கு எப்படித் தெரிந்துவிடுகிறது என்று உன் பேராசிரியரைக் கேட்டுப் பார்.

கஸ்தூரியிடமும் உன் கடிதத்தைக் கொடுத்தேன். மறைத்துவைக்க எனக்கு இஷ்டமில்லை, அவள் வாழ்க்கை. அவள் முதலில் கொஞ்சம் அழுதாள். அண்ணன் வராது என்ற வரியில்தான் அழுதாள், உன் சண்டை சமாதானத்துக்கு அழவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அண்ணன் எப்பவும் இப்டித்தாம்மா. பஸ்ஸு வந்து நின்னாலும் டைம்டேபிள்ள இன்னும் டைம் ஆவலன்னு ஏறாது” என்றாள். “நீ இன்னாடி சொல்ற, நிறுத்தணுமா?” என்று கேட்டேன். “எனக்கும் பயமா இருக்குதும்மா. ஆனா பயமா இருக்குதுன்னு நான் அவர்கிட்டயே சொல்லிட்டேன். அவருக்கும் பயமாத்தான் இருக்குதாம்” என்றாள். இதற்குமேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று நாங்கள் செய்யத் தவறியது அதுதான். அங்கே இருந்தவன் வரதன். வாசலில் நின்று பார்த்தவன் அவன், கப்பலைப் பார்த்தவன் அவன், முதலாளி மூட்டை கட்டுவதைப் பார்த்தவன் அவன். நீ என்னப்பா நினைக்கிறாய் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. மல்லாட்டையைக் கேட்டார்கள்.

படிக்காதே என்று நான் சொல்லவில்லை. படி, நன்றாகப் படி. அடுத்து எவனாவது சிங்கப்பூர் ஒரு செஞ்சி என்று சொன்னால் வாயை அடைக்கப் படித்தவன் ஒருவனாவது ஊரில் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி உன்னை மட்டம் தட்டவும் நான் விரும்பவில்லை, அது சோம்பேறிகள் சொல்லும் பழமொழி. ஆனால் நடந்து முடிந்ததைப் படித்தவனுக்கு நடக்கப்போவதன்மேல் பட்டா எழுதிக்கொடுத்துவிட்டதாக நினைக்காதே. அந்தப் பட்டாவோடு திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். கடைசிவரை நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தன் கட்டிலிலேயே செத்தார். அவர் சாவுக்கு ஊரே போனது. நான் போகவில்லை. பெரிய மனிதர் சாவுக்குப் போகாதது தப்பு என்று உன் நைனாகூடச் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் போகாமல் மண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தில் அந்த மனிதரின் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது என்று மேலே எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. ஏற்கெனவே ஒருவனை இந்தக் குரலுக்குக் கொடுத்தவள் நான். நீ என் பிள்ளை.

கல்யாணம் தை பிறந்ததும். பந்தலில் தாய்மாமன் நின்று செய்ய வேண்டியதைச் செய்ய ஆளில்லை. என் பிறந்த வீட்டுப் பங்காளிகளில் யாரையாவது நிறுத்தலாம் என்கிறார்கள். நான் யாரையும் நிறுத்தப் போவதில்லை. வரதன் படத்தைப் பலகைமேல் வைத்து மாலை போடுவேன், கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மாமன் இடம் காலியானதற்கு ஒரு மேப்பு காரணம். அண்ணன் இடமும் ஒரு மேப்பினால் காலியாகக் கிடந்தால், இந்த வீட்டைப் போன்ற மடத்தனமான வீடு தென்னார்க்காட்டிலேயே இருக்காது. கல்யாணம் முடிந்த மறுவாரம் கஸ்தூரியும் மாணிக்கமும் வடக்கே கிளம்புகிறார்கள். பஸ் நிலையத்தில் நின்று போய்ட்டு வாங்க என்று சொல்ல நானும் நைனாவும் இருப்போம். நீயும் இருந்து அதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதால் சண்டை வராமல் இருக்காது, குண்டு திசை மாறிப் போகாது, எனக்கும் அது தெரியும், நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. நீ திரும்பி வர வேண்டும் என்று இங்கே ஆட்கள் நிற்கிறார்கள் என்று போகிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அதைச் சொல்கிறோம். வரதனுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

கடிதத்தை எழுதி முடித்து நைனாவிடம் படித்துக் காட்டினேன். எதையும் திருத்தச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார். எங்கே என்று கேட்டேன். “தபாலாபீஸுக்கு. லெட்டரு போயி சேர நாளாவும். ஒரு தந்தியும் குடுத்துட்டு வரேன்” என்றார். வார்த்தைக்குக் காசு என்று இந்தத் தடவை யாரும் கணக்குப் பார்க்கவில்லை, ஆனாலும் ஒரே வார்த்தைதான் எழுதினார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன் கையில் கிடைத்திருக்கும், காரணம் புரியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அது உனக்கு மட்டும் எழுதியதல்ல. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பினாங்குக்குப் போயிருக்க வேண்டிய தந்தி அது. அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் உனக்கு அனுப்பியிருக்கிறோம்.

வா.

அம்மா